ஊசியும் பசையும் எழுதாத குறிப்பும்

பலமனேரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கருங்கல்தான். டைனோசர் காலத்துக்கு 200 கோடி ஆண்டுகளாவது முந்திய பாறை அது. எலும்பு கிடைக்க வழியே இல்லை. டைனோசரைப் பார்க்க ஆசைப்படும் நம் பக்கத்துப் பிள்ளைகளை ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போகலாம். அங்கே நிற்பது கோட்டாசாரஸ். தெலங்கானாவின் யாமன்பல்லி அருகே கிடைத்தது. 1988இல் தொல்லுயிர் ஆய்வாளர் யாதகிரி அதற்குப் பெயரிட்டார்.

அண்ணாந்து பார்க்கிற பிள்ளையின் கண்ணுக்கு அது ஒரே விலங்கு. உண்மையில் குறைந்தது 12 விலங்குகளின் 840 எலும்புத் துண்டுகள் தோண்டிய இடத்தில் கலந்து கிடந்தன. மண்டையோடு கிடைக்கவில்லை. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கும் பாராபாசாரஸும் அப்படித்தான்: பல விலங்குகளின் எலும்பு, மண்டையோடு இல்லை. இப்படிக் கலந்தும், கிடைக்காத பகுதியைப் பூச்சால் இட்டு நிரப்பியும் நிறுத்துவதைக் குறை சொல்ல மாட்டேன். அலமாரியில் கிடக்கும் எலும்பு எந்தப் பிள்ளையையும் கூப்பிடாது. ஆனால் எது எலும்பு, எது பூச்சு என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். பூச்சை எலும்பின் நிறத்துக்கே இழைத்துவிடும் திறமை, ஆய்வாளரையும் சேர்த்து ஏமாற்றிவிடும்.

இப்படி நிறுத்துவதற்கு முன்பு ஆய்வகத்தில் நடப்பது மிக நுட்பமான வேலை. களத்திலிருந்து சாக்குத்துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் சுற்றி வந்த கட்டை அறுத்து, காற்றழுத்தத்தில் துடிக்கும் ஊசியால் பாறையைத் துகள் துகளாகக் கழற்றுகிறார்கள். நுண்ணோக்கியடியில் விரலளவு இடம் தெளிய ஒரு நாள் போய்விடும். ஊசி ஒருமுறை நழுவினால், நரம்பும் ரத்தக்குழாயும் போன தடம் போனதுதான். தோலின் அச்சு பாறையில்தான் பதிந்திருக்கும். எலும்பை மட்டும் தேடுகிற கை அதைக் கழிவென்று தள்ளிவிடும்.

பசை இன்னொரு சோதனை. அந்தக் காலத்து அரக்குப்பூச்சு மஞ்சளாகி இறுகும். எபாக்ஸி ஒட்டினால் பிரியாது. பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பூசினால், பிறகு அதே அசிட்டோனால் எடுத்துவிடலாம். பின்னால் வருபவர் திருத்த இடம் விடுவதால் இதுவே சரியான முறை என்பேன். எந்த எலும்பில் எந்தப் பசை என்று எழுதி வைக்காவிட்டால் இந்த நன்மையும் வீண்.

இந்த ஆய்வகத் திறமை அவ்வளவும் களத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூர் அருகிலுள்ள கல்லமேடு சாட்சி. அங்கே கிடைத்து, 1980களில் யாதகிரியும் சக ஆய்வாளர் அய்யசாமியும் விவரித்த புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரின் கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று கருத்து மாறியது. சிலர் அது எலும்பே அல்ல, கல்லான மரம் என்றும் ஐயப்பட்டார்கள். ஏற்கெனவே பொடிந்த நிலையில் இருந்த அந்த எலும்புகள் பிளாஸ்டர் கட்டுக்குள்ளேயே சிதைந்துபோயின. இன்று மூலம் இல்லை. வெளியில் போடும் கட்டு, உள்ளே உதிர்வதைத் தடுக்காது. நீர்த்த பிசினை ஊறவிட்டு இறுக்கிய பிறகே எலும்பைப் பெயர்க்க வேண்டும். அப்படியும் தேறாது என்று தோன்றினால், எடுக்கும் முன்பே அச்சு வார்த்து, எல்லாப் பக்கமும் படம் பிடித்திருக்க வேண்டும்.

நல்லவேளையாகச் சில பழைய ஒளிப்படங்கள் 2022இல் வெளியாயின. அடுத்த ஆண்டு அந்த விலங்கின் எடையை 100 டன்னுக்கு மேல் மதிப்பிட்டார்கள். பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்று நம் அரியலூரில் இருந்ததா என்பதை, தொட்டு அளக்க ஒரு துண்டும் இல்லாமல் அந்தப் படங்களையும் பழைய அளவுகளையும் வைத்தே வாதிட வேண்டியிருக்கிறது.