ஆள்கணக்கில் அளந்த காற்று

பல நாள் நடக்கும் பாய்ப்படகுப் போட்டியில் என்னை மிகவும் கவர்வது அதன் புள்ளிக் கணக்கு. முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. கடைசி நாளில் மிகக் குறைந்த புள்ளி உள்ளவரே வெற்றியாளர். பெரும்பாலும் ஆக மோசமான ஓட்டம் ஒன்றைக் கழித்துவிடுவார்கள். ஒருநாள் அதிர்ஷ்டம் இங்கே போதாது. மாறும் காற்றை நாள்தோறும் படிக்க வேண்டும். சென்னையின் நேத்ரா குமணன் அப்படிப் படித்துத்தான் 2021 ஏப்ரலில், ஓமானின் முசன்னாவில், டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்.

அந்தப் படிப்பு இலங்கையின் மேற்குக் கரைக்குப் பழகியது. இங்கத்தைய பாய்வள்ளத்துக்கு ஒரு பக்கம் மட்டுமே மிதவை. அது எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்கும். முன்னும் பின்னும் ஒன்றுபோல் இருப்பதால், திசை மாற்றப் பாயை மறுமுனைக்குக் கொண்டுபோனால் போதும். காற்று ஏற ஏற, ஆட்கள் மிதவைக் கழிகளில் ஏறி வள்ளத்தை நிமிர்த்துவார்கள். ஓராள் காற்று, ஈராள் காற்று என்று வேகத்தையே அப்படித்தான் அளந்தார்கள். லேசர் எனும் சிறு போட்டிப் படகின் விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்க்கும் போட்டியாளர் செய்வதும் அதே எடைக்கணக்கு.

தென்மேற்குக் காற்றான சோளகம் ஓங்கும் மாதங்களில், இதே கரையின் கற்பிட்டிப் பக்கம் காற்றுக்குப் பஞ்சமில்லை. களப்பிலோ அலை அடங்கியிருக்கும். புத்தளத்து மீனவப் பிள்ளைகள் அங்கே சிறு பாய்ப்படகோட்டிப் பதக்கங்களுக்குப் போட்டியிட வேண்டும்.