தாள் மடிப்பில் மூவர்

கத்தரியும் பசையுமின்றித் தாளை மடித்தே உருவம் செய்யும் கலையை சப்பானியர் ஓரிகாமி என்பர். மழைநீரில் காகிதக் கப்பல் விட்ட கிள்ளான் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. ஆயினும், இக்கலையில் வல்லவர் எவர், அவர் கைத்திறன் நம்மைக் கவர்வது ஏன் என்று ஆராய்வார் நம்மிடையே குறைவு.

முதலில் வைத்தெண்ணத்தக்கவர் அக்கிரா யோசிசாவா (1911–2005). இளமையில் தொழிற்சாலையொன்றில் உடனுழைத்த இளைஞருக்கு மடிப்பின் வழியே வடிவியல் கற்பித்தவர் அவர். தாளைச் சற்றே ஈரமாக்கி மடிப்பது அவர் கண்ட முறை. அதனால் மடிப்பின் கூர்மை தணிந்து, தாள் தசைபோல் வளைந்து கொடுக்கும். விலங்கின் உறுப்பையெல்லாம் எண்ணிக் காட்டாமல், அது நிற்கும் நிலையை மட்டும் காட்டி நிறுத்திவிடுவார். எஞ்சியதைக் காண்பவர் நெஞ்சம் நிரப்பிக்கொள்ளும். அவர் அழகு அங்கேதான் உளது.

அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் லாங் இதற்கு நேர்மாறானவர். பூச்சியின் ஒவ்வொரு காலுக்கும் தாளில் எவ்வளவு இடம் வேண்டுமென வட்டமிட்டுக் கணக்கிடுவார். வியப்புக்குக் குறைவில்லை; செய்துபார்க்கும் ஆசைதான் எழுவதில்லை.

மூன்றாமவர் இந்திய நாட்டவர், தண்டலம் சுந்தரராவ். உருவம் செய்தவரல்லர். மழலையர் பள்ளியின் மடிப்புத் தாளிலிருந்து வடிவியலையே வளர்த்தெடுத்தவர். அவரது ஆங்கில நூல் 1893இல் சென்னையிலும், 1901இல் சிகாகோவிலும் வெளிவந்தது. செருமானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதனை எடுத்துக் காட்டினார் என்றால் அதன் தகுதி விளங்கும்.

ஓரம் கிழிந்த தாளை ஒருமுறை மடித்தால் நேர்கோடு. அக்கோடு தன்மேலேயே படியுமாறு மீண்டும் மடித்தால் செங்கோணம். அடிமட்டமில்லை, கவராயமில்லை! சதுரத்தின் நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடித்தால் பரப்பு பாதியாகும். மறுபடி மடித்தால் கால், பின் அரைக்கால், வீசம். அரையும் காலும் அரைக்காலும் வீசமுமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றை நெருங்குவதைப் பிள்ளை தன் விரலால் அறிகிறது. யோசிசாவாவின் தாளில் உயிர் தெரிகிறது. சுந்தரராவின் தாளில் காரணம் தெரிகிறது. ஆசிரியர்க்கு இதனினும் இனிய நயம் வேறில்லை.

நம் பள்ளிகளிலோ மடிப்பு கைவேலைப் பாடத்தோடு நின்றுவிடுகிறது. கணக்குப் பாடம் தொடங்கியதும் தாள் குப்பைக்கூடைக்குப் போகிறது, சூத்திரம் மனப்பாடமாகிறது. இது பெருங்குறை.

சுந்தரராவிடமும் குறை இல்லாமலில்லை. நூலின் பிற்பகுதியில் தாள் பின்தங்க, சமன்பாடு முன்வந்துவிடுகிறது. சதுரம் முதல் ஐங்கோணம் வரையுள்ள முதல் நான்கு இயல்களே வகுப்புக்குப் போதும். வண்ணத்தாள் தேடிப் பிரிக்பீல்ட்ஸ் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. பழைய பயிற்சிப் புத்தகத்தின் ஏடே போதுமானது.