குழியானை சொன்ன பிள்ளைகள்

வைக்கம் முஹம்மது பஷீரின் ‘எங்கள் உப்பப்பாவுக்கு ஒரு ஆனை இருந்தது’ நாவலை (மலையாளத்தில் 1951) பல்கலைக்கழக நாட்களில் வாசித்தேன். நொடிந்துபோன குடும்பமொன்றின் வீண்பெருமையை எள்ளும் சீர்திருத்த நாவல் என்று விடைத்தாளுக்கு எழுதுவது போல மனதில் எழுதி மூடிவைத்தேன். அதைத் திரும்ப எடுக்க வைத்தவன் என் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன்.

இடைவேளை முடிந்து வகுப்புக்குள் நுழைகிறேன். “எங்கட மூத்தாப்பா வயலுக்க வந்த ஆனைக்கு சலாம் சொன்னாரு. ஆனை தும்பிக்கையைத் தூக்கிப் பதில் சலாம் சொல்லிட்டுப் போயிட்டு” என்கிறான். பக்கத்துப் பொடியன் விடுவானா? “அந்த ஆனதான் எங்கட வேளாண்மைக்கு விடிய விடியக் காவல் இருந்த.”

“பொய் சொல்றது பாவம்” என்று அதட்டினேன். அன்று அவன் எழுதிய கட்டுரை: யானை பெரிய மிருகம், அதற்கு நான்கு கால்கள் உண்டு. ஒரு எழுத்துப்பிழை கூட இல்லை. வாசிக்கத்தான் முடியவில்லை.

பஷீரிடம் திரும்பிப் போனால் வேறொன்று தெரிகிறது. குஞ்ஞுபாத்துமாவின் உம்மா சொல்வது பொய்யே அல்ல. அவளுடைய வாப்பாவிடம் கொம்பானை உண்மையில் இருந்தது. ஆனால் அந்த உண்மையை அவள் மற்றவர்களைத் தாழ்த்தவே சொல்கிறாள். நாவலின் முடிவில் தெருப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ‘பொய்’ என்று மறுக்கவில்லை. அது குழியானை என்கிறார்கள். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் அந்தச் சின்னப் பூச்சி! ஆனை என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டு மிருகத்தை மட்டும் சுருக்கி விட்டார்கள். புழுகுக்குப் பதில் இன்னொரு புழுகு: அதுதான் பிள்ளைகளின் சட்டம். உம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அதனால்தான் அவளிடம் பதில் இல்லை.

சீர்திருத்தத்தைப் பேச பஷீர் நிசார் அஹமதை வைத்திருக்கிறார். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் வாய் திறந்தால் என்னைப் போன்ற வாத்தியார் பேசுவது போல இருக்கிறது. அவன் நீண்ட பேச்சுகளில் சொல்வதை இந்தப் பிள்ளைகள் ஒரே சொல்லில் முடித்து விடுகிறார்கள். நாவலின் சிறந்த விமர்சகர்கள் அவர்களே. ஏமாற்றச் சொல்லும் பொய்யையும், கேட்பவனும் தெரிந்தே சேர்ந்து விளையாடும் புழுகையும் ஒரே பிரம்பால் அடித்தவன் நான்.

போன வாரம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அதே பொடியனின் குரல், மெல்லமாக. ஆனை திரும்பவும் வந்திருக்கிறது, இம்முறை சைக்கிளில். நான் திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தேன்.