தேர்வா, மரபுரிமையா? ‘நான் வித்யா’ காட்டும் பால் அடையாளம்

பால் அடையாளம் பிறப்பால் வருவதா, தேர்ந்துகொள்வதா என்னும் வினா, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ (2007) தன்வரலாற்றுக்குப் பொருந்துவதில்லை. ஆண் என்னும் இடத்தைக் குடும்பம் அளித்தது. பெண்மையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, சிறுவயதிலேயே தம்முள் உணர்ந்தார். அவர் தேர்ந்தவை பெயரும் அறுவை மருத்துவமும் மறைக்காது வாழும் வாழ்வுமே. ஆகவே, தேர்வு என்பது அடையாளத்தில் அன்று, அதன் வெளிப்பாட்டில் அமைகிறது.

தேசியச் சட்டப்பணிகள் ஆணைய வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே வரையறுக்கும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கோரியது. சாதிக்கு இவ்வுரிமையே இல்லை. தலித் திருநங்கை ஒருவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளலாம். சாதிச் சான்றிதழ் பெற்றோர் வழியே தொடரும். இரண்டையும் ‘அடையாளம்’ என்னும் ஒரே சொல்லால் அளக்கும் திறனாய்வு, உணர்ந்ததையும் சுமத்தப்பட்டதையும் வேறுபடுத்தத் தவறுகிறது.