கோபெக் ஆப்பி: கணக்கும் கதையும்

பினாங்கைப் பற்றி ஒரு பெருமை சொல்லப்படுகிறது. குளிர்பதனத் துறையின் முன்னோடி கார்ல் லிண்டே 1870களில் இங்கே கோபெக் ஆப்பி என்னும் காற்றழுத்தத் தீமூட்டி ஒன்றைப் பெற்றார். மியூனிக்கில் மாணவர்களுக்கு இயக்கிக் காட்டினார். அதிலிருந்து ருடால்ஃப் டீசலுக்கு எஞ்சின் யோசனை பிறந்தது. இதை ஏற்கலாமா?

முதலில் கருவி. பல் போன பெரியவர்கள் வெற்றிலை பாக்கு இடிக்கும் கோபெக்கின் உருவம்தான். எருமைக் கொம்பிலோ மரத்திலோ குடைந்த, அடி மூடிய குழல். அதில் இறுக நுழையும் தண்டு. தண்டின் நுனிக்குழியில் பனைவகைப் பஞ்சு. ஓங்கி ஒரே அடி அடித்துச் சட்டென உருவினால் பஞ்சில் கனல் இருக்கும்.

அழுத்தமும் கனஅளவும் சேர்ந்த பெருக்கம் வெப்பநிலைக்கு நேர்விகிதம் என்ற வாயு விதியைச் சொல்லி இதை விளக்கிவிடுகிறார்கள். அது போதாது. காற்றை இருபதில் ஒரு பங்காக மெல்ல அழுத்தினால் சூடு சுவர் வழியே போய்விடும். அழுத்தம் 20 மடங்காகும், வெப்பநிலை அப்படியே நிற்கும். அதுவும் அதே விதிக்குப் பொருந்தும்! கனலுக்குக் காரணம் கையின் வேகம். சூடு வெளியேற நேரமில்லாதபோது, செய்த வேலை முழுதும் காற்றின் உள்ளாற்றலாகிறது. 27 டிகிரியில், அதாவது 300 கெல்வினில், தொடங்கினால் எளிய கணக்கு சுமார் 990 கெல்வின் தரும். சூடேறச் சூடேறக் காற்றின் வெப்ப ஏற்புத்திறன் கூடுவதைச் சேர்த்தால் 930 அளவுக்கு இறங்கும். சுவர் உறிஞ்சுவதும் விளிம்பில் கசிவதும் இன்னும் குறைக்கும். இந்தச் சூட்டோடு சேர்ந்து எட்டும் அறுபது மடங்கு அழுத்தத்திலும் விதியின் சொந்தப் பிழை இரண்டு விழுக்காட்டளவே. விதி நம்பத்தக்கது; தனியே நின்று விளக்கம் ஆகாது.

கதையிலும் இதே ஓட்டை. டீசல் லிண்டேயின் மாணவர் என்பது உண்மை. ஆனால் காற்றழுத்தத் தீமூட்டிக்கு இங்கிலாந்தில் 1807லேயே காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. மியூனிக் வகுப்பறை பினாங்கை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. தவிர, லிண்டேயின் வகுப்பில் டீசலைப் பிடித்தாட்டிய கேள்வி வேறு: கொள்கையளவில் உச்சத் திறன் தரும் கார்னோ சுழற்சியை நடைமுறையில் நெருங்க முடியுமா? நீராவி எஞ்சின் வீணாக்கும் வெப்பமே அவர் கவலை. 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897 சோதனையில் அவர் எஞ்சின் 26.2 விழுக்காடு திறன் காட்டியது.

ஆகவே பினாங்குக் கதை மெய்ப்பிக்கப்படாதது. டீசலின் எஞ்சினை விளக்க அது தேவையும் இல்லை. கோபெக் ஆப்பிக்கு இரவல் புகழ் எதற்கு? படிவம் 4இல் வாயு விதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதை வகுப்புக்கே கொண்டுவரட்டும். ஒருமுறை மெல்ல அழுத்தியும் ஒருமுறை ஓங்கி அடித்தும் காட்டட்டும்.