வீதி வளர்த்த பாணி

நாகஸ்வரத்தில் பாணி என்று இன்று நாம் பேசுவதெல்லாம் கோயில் வீதியில் உருவானவை. சபா மேடை பின்னால் வந்தது. தாத்தா இதைச் சொல்லிச் சொல்லிக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம்.

சுவாமி புறப்பட்டால் நிலைக்குத் திரும்ப விடிந்துவிடும். புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குச் சாகித்யம் கிடையாது. காலம் மாற்றி மாற்றி வாசிப்பதில்தான் வித்தை. தேருக்கு, தீர்த்தத்துக்கு, தளிகைக்கு என்று தனித்தனி மல்லாரி உண்டு. அது முடிந்ததும் ராகம். தோடியோ காம்போதியோ மணிக்கணக்கில் ஓடும். அத்தனை நீண்ட இரவைக் கீர்த்தனைகளை மட்டும் வைத்துக்கொண்டு நிரப்ப முடியாது. ராக ஆலாபனை நாகஸ்வரக்காரர்களின் சொத்தானது அப்படித்தான்.

தாத்தா மாயவரம் பக்கத்துச் சிறு கோயில் ஒன்றில் மேளக்காரர். அவருடைய அப்பா நாயனம், தம்பி தவில், மாமன் மகன் ஒத்து. அப்பாயி எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. ஆனாலும் கூடத்தில் யாராவது தாளம் தப்பினால் அடுப்படியிலிருந்தே குரல் வந்துவிடும்.

பழைய தஞ்சை ஜில்லாவுக்குள்ளேயே எத்தனை வழிகள்! செம்பனார்கோயில் ராமசாமிப் பிள்ளை வழிக்கு ரக்தி மேளம் பெயர்பெற்றது. பாட்டு வரிகள் இல்லாத சொற்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நாயனமும் தவிலும் காலம் காலமாக விரித்துக்கொண்டே போகும். தாத்தாவின் மனம் நின்றது இங்கேதான். நாகஸ்வரக் கலையின் உச்சம் ரக்தி என்றே அவர் நினைத்தார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

திருவீழிமிழலைச் சகோதரர்கள் சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் கீர்த்தனைக்குப் பேர்போனவர்கள். சொல் பிரியும் இடம் தெரிந்து மூச்சுவிட வேண்டும் என்பதற்குத் தாத்தா எப்போதும் அவர்களைத்தான் காட்டுவார்.

ராகம் என்றால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவருடைய தோடிக்குப் பின்னால் ஓர் ஆசாரியின் உளியும் இருக்கிறது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்தது குட்டையான திமிரி நாயனம். நாலு கட்டை, அதற்கும் மேலே சுருதி. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்தியமம் பிசகாமல் பேசும் நீண்ட பாரி நாயனத்தை ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்தார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியதும் நாயனம் வாய்ப்பாட்டைப் போலவே குழைந்தது. இன்று அநேகமாக எல்லோர் கையிலும் இருப்பது பாரிதான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம், ‘கொஞ்சும் சலங்கை’ (1962) வழியாக அந்த நாதத்தைச் சினிமாக் கொட்டகைக்கே கொண்டுபோனார். ஆந்திரத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, ஸ்ரீரங்கத்தையே தம் ஊராக்கிக்கொண்டார். வழி என்பது பரம்பரையில் வருவது மட்டும்தான் என்று யாராவது வாதிட்டால், தாத்தா அவர் பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்.

எந்த வழியானாலும் தாத்தா முதலில் கேட்டது வாய்ப்பாட்டு. பாடத் தெரியாத பிருகாவை வாசிக்க விடமாட்டார். அடுத்தது சீவாளி. வாயில் ஊறவைத்து, நாயனத்தில் செருகாமல் தனியாக ஊதிப் பார்ப்பார்; உதட்டோரத்தை விரலால் அமுக்கி மறுபடி ஊதுவார். “சீவாளி பேசணும்டா, கத்தக்கூடாது” என்பார். நாக்கால் தட்டி எழுப்பும் துத்துக்காரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூச்சாலேயே இழுக்கும் அகாரத்தில் நடுவே நூலளவு விரிசலும் விழக்கூடாது. இந்த இரண்டுக்கும் விடியற்காலை சாதகம். மூன்றாவது தவில். தவில்காரரின் சொல்லுக்கு இடம்விட்டு வாசிக்காதவரை, எவ்வளவு பெரிய வித்வானானாலும், அவர் பாராட்டியதே இல்லை.

இப்போது கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் பந்தி தொடங்கிவிடுகிறது. அரசு இசைப்பள்ளிகள் பிள்ளைகளுக்கு மூன்றாண்டு நாகஸ்வரமும் தவிலும் சொல்லிக்கொடுப்பது பெரிய ஆறுதல். வர்ணமும் கீர்த்தனையும் அங்கே வந்துவிடும். ரக்தியும் மல்லாரியும் பழக நடக்கிற கால் வேண்டும், விடிய விடிய நிற்கிற கூட்டம் வேண்டும். ஆகவே கோயில் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: உற்சவத்தில் ஒரு நாளாவது, கீழவீதியில் மட்டுமாவது, ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு மேளக்காரரைத் தம் இஷ்டம்போல் வாசிக்க விடுங்கள். தாத்தாவிடம் ரக்தி பாடம் செய்த என் சித்தப்பா மகன் வாசிக்கத் தயாராக இருக்கிறான்.