பெயரை மறைத்தால் போதுமா?

தினமலர் வாரமலரில் எழுத்தாளர் அனுராதா ரமணன், வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'அன்புடன் அந்தரங்கம்' பகுதியை எழுதிவந்த நாட்களில், பல வீடுகளில் பெண்கள் முதலில் பிரித்தது அந்தப் பக்கத்தைத்தான். பெயர் சொல்லாமல் ஒருத்தி கொட்டித் தீர்த்ததை முகம் தெரியாத இன்னொருத்தி படித்து, 'எனக்கும் இதேதான்' என்று மூச்சு விட்டாள். இன்று அப்படிப்பட்ட கடிதங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. அங்கே பெயரில்லாமல் கிடப்பவற்றை அள்ளித் தொகுத்துப் புத்தகமாக்கும் வழக்கமும் வந்திருக்கிறது.

இதில் பெரிய நன்மை உண்டு. லாரா பேட்ஸ் 2012-ல் இங்கிலாந்தில் ஓர் இணையதளம் தொடங்கி, அன்றாடம் பாலியல் சீண்டலுக்கும் இழிவுக்கும் ஆளான பெண்களை எழுதச் சொன்னார். 2014-ல் அது புத்தகமானது. தனி ஒருத்தி சொன்னால் 'உனக்கு மட்டும் எப்படி நடக்கிறது?' என்பார்கள். நூற்றுக்கணக்கானோர் சொன்னதை அடுக்கி வைத்த பிறகு அந்தக் கேள்விக்கு இடமில்லை. புலம்பல் சாட்சியமாகிறது. இணையதளம் ஒருநாள் மூடப்படலாம். அச்சான புத்தகமோ புதுக்கோட்டை ஞானாலயா போன்ற ஒரு நூலகத்தில் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் கைக்குக் கிடைக்கும்.

ஆபத்தும் அந்த ஆயுளில்தான் இருக்கிறது. ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருத்தி எழுதியதாக வைத்துக்கொள்வோம். கணவர் சிங்கப்பூரில், மாமியார் சத்துணவுக் கூடத்தில், மூத்த பெண் அறந்தாங்கியில் நர்சிங் படிக்கிறாள். பெயரை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஊர் டவுன் பஸ்ஸில் இந்த மூன்று விவரமும் போதும், ஆள் யார் என்று சொல்லிவிடுவார்கள். சென்னையில் ஒருத்தி கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் அது நடக்காது. தொகுப்பவர்கள் பலரும் நகரத்தில் இருந்துகொண்டு பெயரை மட்டும் அடித்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள்.

அடுத்தது சம்மதம். அமெரிக்காவில் ஃப்ராங்க் வாரன் 2004-ல் தன் முகவரி அச்சிட்ட வெற்று அஞ்சலட்டைகளை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்து, யாரிடமும் சொல்லாத ரகசியத்தை எழுதி அனுப்பச் சொன்னார். 2005-ல் 'போஸ்ட் சீக்ரெட்' புத்தகம் வந்தது. பிறர் பார்ப்பதற்கென்றே அனுப்பப்பட்ட அட்டைகள் அவை. நள்ளிரவில் மனம் தாங்காமல் இணையத்தில் எழுதியவளின் நிலை வேறு. புத்தகம் அவள் நினைப்பிலேயே இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பெயரில்லாத படைப்புக்கும் வெளியான பின் 60 ஆண்டுகள் உரிமை தருகிறது. ஆனால் அதைக் கேட்க அவள் முகத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவள் என்பதால்தானே பெயரில்லாமல் எழுதினாள்? அவள் பாதுகாப்புக்கு என்று வைத்த மறைவு பதிப்பாளருக்கு வசதியாகிவிடுகிறது. இந்த வழக்கத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

பெயரில்லாத எழுத்தின் உண்மையைச் சரிபார்க்க வழியில்லை என்ற குறையும் உண்டு. 1971-ல் போதைக்கு அடிமையான சிறுமியின் நாட்குறிப்பு என்று ஆசிரியர் பெயரின்றி வந்த 'கோ ஆஸ்க் ஆலிஸ்', பியாட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்ற பெரியவர் கைவண்ணம் என்று பின்னால் தெரிந்தது.

சொல்பவரின் பாதுகாப்பை மறக்காத வழிகளும் உண்டு. திருநங்கை எழுத்தாளர் ரேவதி 'உணர்வும் உருவமும்' நூலுக்காக அரவாணிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்தார். அவரும் அந்தச் சமூகத்தவர். எதைச் சொன்னால் யாருக்கு அடி விழும் என்று அறிந்தவர். பிறகு தன் கதையைத் தன் பெயரிலேயே எழுதினார். புதுக்கோட்டையில் ஷரீபா கானம் முன்னெடுத்த பெண்கள் ஜமாத்தில் முஸ்லிம் பெண்கள் நேரில் வந்து தங்கள் வழக்கைச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தோழிகள் இருந்தார்கள்.

தொகுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயரில்லாமல் ஒருத்தி எழுதிய இடத்திலேயே போய்ப் புத்தகம் வரப்போகிறதென்று சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குச் சில மாதமாவது கொடுங்கள். பதில் வராவிட்டால் அவள் எழுதியதை அச்சில் ஏற்றாதீர்கள்.